20 லிட்டர் பவளத்தொட்டி: எந்த விளக்கு, எவ்வளவு வெளிச்சம், எத்தனை மணி நேரம்?

நெய்தல் (திருவான்மியூர்) – 18 ஜனவரி, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக நன்னீர்த் தொட்டி வளர்க்கிறேன். கடல்நீர்த் தொட்டி வைக்கவேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. பொங்கல் விடுமுறையில் துணிந்து ஒரு சிறிய கண்ணாடித் தொட்டி வாங்கிவிட்டேன். அடித்தளம் 30 × 25 செ.மீ., உயரம் 30 செ.மீ. ஏறத்தாழ 20 லிட்டர் நீர் நிற்கும். மூன்றாம் மாடியில், ஏ.சி. இல்லாத கூடத்தில் வைக்கப்போகிறேன்.

என் முதல் கேள்வி விளக்கு பற்றியது. 18 வாட் எல்.இ.டி. ஒன்று பார்த்திருக்கிறேன்; நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனித் திருகு இருக்கிறது. லிட்டருக்கு ஒரு வாட் வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார். இது போதுமா? எத்தனை மணி நேரம் எரியவிட வேண்டும்?

கடற்கரை வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அங்கிருந்தே நீர் எடுத்துவரலாமா, அல்லது கல்லுப்பு கரைத்தால் போதுமா? இராமேசுவரத்தில் இருக்கும் என் தம்பி, கரையில் கிடக்கும் பவளக்கல் கொஞ்சம் எடுத்து வருவதாகச் சொல்கிறான்.

உப்பளம் (தூத்துக்குடி) – 18 ஜனவரி, இரவு 11:05

அம்மா, விளக்குக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் தம்பிக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: ஒரு கல்லைக்கூடத் தொடவேண்டாம். கல் பவளங்கள் எல்லாமே 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே அட்டவணை. கடல்விசிறியும் கரும்பவளமும் அதில் அடங்கும். கரையில் செத்துக் கிடக்கிறதே என்பது பதிலாகாது.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கடலில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் பவளக்கல் வெட்டியதில் அலையைத் தடுக்க அரண் இல்லாமல் போய், இரண்டும் நீருக்குள் போய்விட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் என்று இன்றும் எழுதுகிறோம். அவற்றில் இரண்டைக் கண்ணால் பார்க்க முடியாது. எனவே தொட்டிக்குச் செயற்கைக் கல் வாங்குங்கள். சுட்ட பீங்கான் கல்லோ, சிமெண்டில் வார்த்து நன்றாக ஊறவைத்த கல்லோ போதும். நுண்ணுயிர் குடியேறக் கல்லில் துளைகள் வேண்டும். பவளமாக இருக்கவேண்டிய தேவை அதற்குக் கிடையாது.

அடுத்தது உப்பு. நான் உப்பளத்து வரப்பில் வளர்ந்தவன், அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பாத்தியில் கடல்நீர் சுண்டும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் படிகிறது. அதன்பின் ஜிப்சம் இறங்குகிறது. அதற்கும் பிறகுதான் உப்பு விளைகிறது. உப்பை வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் தங்கிவிடுகிறது. ஆக, கல்லுப்பு என்பது கால்சியத்தை முன்னாலும் மக்னீசியத்தைப் பின்னாலும் விட்டுவிட்டு வந்த பொருள். அதைக் கரைத்தால் கரிப்பு வரும், கடல் வராது. பவளத்துக்கு லிட்டருக்கு 400 மி.கி.க்கு மேல் கால்சியமும் 1,300 மி.கி. அளவில் மக்னீசியமும் வேண்டும். அதற்கென்று விற்கும் கடல் உப்புக்கலவையையே வாங்குங்கள்.

சென்னைக் கரைநீரையும் நான் ஒப்பமாட்டேன். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அங்கே உப்பின் அளவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கூவமும் அடையாறும் எதைக் கொண்டுவந்து சேர்க்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது. உங்கள் 20 லிட்டரில் 700 கிராம் உப்பு இருக்கும். ஆயிரத்துக்கு 35 என்பது கணக்கு. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. இரண்டு லிட்டர் போனால் மீதி 18 லிட்டரில் அதே 700 கிராம். அளவு 39-ஐத் தொட்டுவிடும். 400 லிட்டர் தொட்டியில் அதே இரண்டு லிட்டர் போனால் 35.2 ஆகும், அவ்வளவுதான். சிறிய தொட்டி எளிது என்று நினைத்து இறங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். தினமும் காலையில் அந்தக் கோடுவரை உப்பில்லாத தூயநீரை ஊற்றுங்கள். உப்புநீர் அல்ல, தூயநீர்.

பவளமல்லி (சிங்கப்பூர்) – 19 ஜனவரி, காலை 7:20

சகோதரி, உப்பளம் ஐயா சொன்னதற்கு மேல் நீரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. விளக்கைப் பற்றி எழுதுகிறேன். இங்கே அடுக்குமாடி வீட்டில் 28 லிட்டர் தொட்டியை ஏழு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன்.

லிட்டருக்கு ஒரு வாட் என்பது குழல் விளக்குக் காலத்துக் கணக்கு, அதை விட்டுவிடுங்கள். வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம்; பவளத்துக்கு என்ன போய்ச் சேர்கிறது என்பதை அது சொல்லாது. பார்க்கவேண்டியது 'பார்' என்று நாங்கள் சொல்லும் அளவு. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பது அது. உச்சிவெயிலில் திறந்தவெளியில் 2,000 இருக்கும். காளான் பவளம், ஜோவா (காம்பின்மேல் பூப்போல விரியும் சிறு உயிர்கள், அதாவது பாலிப்புகள், கொத்தாக வாழ்வது), தோல் பவளம் போன்ற மென்மையானவற்றுக்கு 50 முதல் 100 போதும். கிளைவிடும் கல் பவளங்கள்தான் 200, 300 என்று கேட்பவை. நீங்கள் அந்தப் பக்கம் போகப்போவதில்லை.

30 செ.மீ. உயரத் தொட்டியில் 18 வாட் எல்.இ.டி. போதும் என்பது மட்டுமல்ல, முழுவீச்சில் வைத்தால் அதிகமாகிவிடும். நீர்மட்டத்துக்கு 20 செ.மீ. மேலே தொங்கவிடுங்கள். நீலத்தை 30 விழுக்காட்டிலும் வெள்ளையை 10 விழுக்காட்டிலும் வைத்துத் தொடங்குங்கள். வாரத்துக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் கூட்டவேண்டாம். எட்டு மணி நேரம் போதும்.

நீலம் ஏன் என்று அடுத்து கேட்பீர்கள். கடலில் இறங்க இறங்கச் சிவப்பு ஒளிதான் முதலில் மறைகிறது. பத்து மீட்டரில் அது ஏறக்குறைய இல்லை. அங்கே வாழும் பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி, 430 முதல் 460 நானோமீட்டர் நீலத்தை நன்றாக உறிஞ்சும் நிறமிகளைக் கொண்டது. பவளத்தின் உணவில் பெரும்பங்கை அந்தப் பாசிதான் சமைத்துக் கொடுக்கிறது. வெள்ளை ஒளி பெரும்பாலும் நம் கண்ணுக்காக. அதைக் கூட்டினால் கண்ணாடியில் படியும் வேண்டாத பாசிக்கும் விருந்து வைத்ததாகிவிடும்.

கைப்பேசிச் செயலியால் லக்ஸ் அளந்து பார்க்காதீர்கள். மனிதக் கண்ணுக்குப் பச்சை எவ்வளவு பிரகாசமோ அதை வைத்து அமைந்த அளவு அது. நீல விளக்கை எப்போதும் குறைத்தே காட்டும். அதை நம்பி வெளிச்சத்தைக் கூட்டிப் பவளத்தைச் சுட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

கொங்குக்கடல் (கோவை) – 19 ஜனவரி, பகல் 1:15

பவளமல்லி அக்காவோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். 50 போதும் என்பது உயிரோடு வைத்திருக்கப் போதும் என்பதுதான். என் 60 லிட்டர் தொட்டியில் ஜோவாக்களை நான்கு மாதங்களில் 180 வரை கொண்டுபோனேன். காம்பு குட்டையாகி, இதழ்கள் கல்லோடு ஒட்டி, ஆரஞ்சு நிறம் அப்படி ஏறியது. மங்கிய வெளிச்சத்தில் அதே கொத்து காம்பை நீட்டிக்கொண்டு பழுப்பாகவே இருந்தது. புதிதாகத் தொடங்குகிறவர் எல்லோருக்கும் குறைவாக வை, குறைவாக வை என்று சொல்லிச் சொல்லி, நல்ல நிறத்தைப் பார்க்காமலே பலர் விட்டுவிடுகிறார்கள். நெய்தல் அக்கா, வலுவான விளக்கையே வாங்குங்கள். குறைத்து வைப்பது கையில் இருக்கிறது.

உப்பளம் (தூத்துக்குடி) – 19 ஜனவரி, இரவு 10:30

தம்பி கொங்குக்கடல் சொல்வது அவர் தொட்டிக்குச் சரி. 60 லிட்டர், ஏ.சி. அறை, கோவைக் காற்று. இங்கே 20 லிட்டர், சென்னைக் கூடம், நான்கு மாதத்தில் கத்திரி வெயில். விளக்கைக் கூட்டுவது நீரைச் சூடாக்குவதும்தான் என்பதை மறக்கக்கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 வாட் விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் ஏறக்குறைய 520 கிலோஜூல். 20 லிட்டர் நீரை ஒரு பாகை சூடாக்க 80 கிலோஜூல் போதும். அந்த வெப்பம் முழுவதும் நீரில் இறங்கி வெளியேறாமல் நின்றால் ஆறு பாகைக்கு மேல் ஏறிவிடும். உண்மையில் பாதிக்கும் மேல் விளக்கின் முதுகுத் தகடு வழியாகக் காற்றில் போய்விடுகிறது. மிச்சத்தை ஆவியாதல்தான் வெளியேற்றுகிறது. ஒரு லிட்டர் ஆவியானால் 2,400 கிலோஜூல் வெளியே போகும். ஆகவே விளக்கின் சூட்டை முழுவதும் போக்க நாளுக்கு 200 மில்லி நீர் கூடுதலாகப் போகவேண்டும். வெளிச்சம், சூடு, உப்பு என்று நாம் தனித்தனியாகப் பேசுகிறோம். தொட்டிக்குள் இவை ஒன்றாகவே நடக்கின்றன.

அதனால் நேரத்தை மாற்றி வையுங்கள். பவளத்துக்குக் கடிகாரம் தெரியாது. மாலை 4 மணிக்கு விளக்கைப் போட்டு நள்ளிரவு 12-க்கு அணையுங்கள். கூடம் கொதிக்கும் பிற்பகல் நேரத்தில் விளக்கின் சூடு சேராது. நீங்கள் வேலை முடிந்து வந்து பார்ப்பதற்கும் அதுவே நல்ல நேரம். கணினிக்குள் இருக்குமே, அந்தச் சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பை நோக்கிச் சாய்த்துவையுங்கள். சென்னைப் புழுக்கத்தில் இரண்டு மூன்று பாகை இறங்கும், கோவையில் இன்னும் ஒன்றிரண்டு கூட இறங்கும். 26 பாகை நல்லது. 28 தாங்கும். 30-ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் பவளம் தன் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடும். 2016-இல் மன்னார் வளைகுடாவிலேயே அதைப் பார்த்தோம். அங்கே எவ்வளவு நீர், எவ்வளவு ஆழம்.

பண்ணைத்துறை (யாழ்ப்பாணம்) – 21 ஜனவரி, காலை 6:10

விளக்கு இல்லாமல் சூரிய ஒளியிலேயே செய்தவர்களும் இருந்தார்கள் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். 1961-இல் லீ சின் எங் என்பவர், இந்தோனேசியாவில் தாம் வைத்திருந்த கடல்தொட்டிகளைப் பற்றி ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். கடலிலிருந்து எடுத்த கல், காற்றுக்குமிழி, வெயில். வடிகட்டி என்று எதுவும் இல்லை. நீரைச் சுத்தம் செய்வது கல்லில் வாழும் உயிர்கள்தான் என்பதை அவர் செய்தே காட்டினார். வெப்பநாட்டுக்காரர் ஒருவர் வெப்பநாட்டு வெயிலில் செய்தது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

ஆனால் 20 லிட்டருக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கிழக்குச் சாளரத்தோரம் வைத்துப் பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கே நீர் 31 பாகை ஆனது. பிறகு சாளரத்துக்குத் திரை போட்டு மின்குமிழுக்கு மாறினேன்.

நெய்தல் (திருவான்மியூர்) – 21 ஜனவரி, இரவு 8:50

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் சொல்லிவிட்டேன், அவனுக்குத் தீவுகளின் கதையும் தெரிந்திருக்கவில்லை. பீங்கான் கல் இரண்டு கிலோவும் உப்புக்கலவையும் வாங்கிவிட்டேன். தூயநீருக்கு வீட்டில் இருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்து நீர் போதுமா? ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் சுத்தமானது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், அது ஆகுமா?

கொங்குக்கடல் (கோவை) – 21 ஜனவரி, இரவு 9:30

ஏ.சி. நீர் வேண்டவே வேண்டாம் அக்கா. அது செம்புக்குழாய்ச் சுருளின்மேல் வடிந்து வருவது. நத்தை, இறால், பவளம் எதற்கும் செம்பு நஞ்சு. ஆர்.ஓ. நீரில் கரைந்திருப்பது எவ்வளவு என்று டி.டி.எஸ். மீட்டரில் அளந்து பாருங்கள். குடிநீருக்குச் சுவை வருவதற்காக வீட்டு இயந்திரங்களில் வடிகட்டாத நீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும். அதனால்தான் 60, 80 என்று காட்டும். அந்த நீரை அயனி நீக்கும் பிசின் குப்பி வழியாக ஒருமுறை விட்டால் பூச்சியத்துக்கு வந்துவிடும். தினமும் ஊற்றும் நீரில் இருக்கும் கசடு முழுவதும் தொட்டியிலேயே சேர்ந்துகொண்டுபோகும். ஆவியாகி வெளியேற அதற்கு வழியில்லை.

நெய்தல் (திருவான்மியூர்) – 9 மார்ச், இரவு 10:15

தொட்டியில் நீர் நிரப்பி ஆறு வாரங்கள். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர் கல்லில் குடியேறுவதற்காக, விளக்கே போடாமல், அம்மோனியா சொட்டுவிட்டுக் காத்திருந்தேன். முதலில் அம்மோனியா, பிறகு நைட்ரைட் ஏறி இறங்கியது. இப்போது இரண்டும் பூச்சியம், நைட்ரேட் 10. நீரைச் சுழற்ற மணிக்கு 500 லிட்டர் தள்ளும் சிறிய பம்பு வைத்திருக்கிறேன். இரண்டு வாரமாகத்தான் விளக்கு எரிகிறது. மணல்மேல் பழுப்புத் தூள் படர்ந்துவிட்டது. துடைத்தால் மறுநாள் மீண்டும் வருகிறது. விளக்கு அதிகமாகிவிட்டதா?

பவளமல்லி (சிங்கப்பூர்) – 10 மார்ச், காலை 7:05

இல்லை. அது டயாட்டம் என்னும் பழுப்புப் பாசி. புதுக் கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கேட்டைத் தின்று வளர்கிறது. தீர்ந்ததும் தானே போய்விடும். மூன்று நத்தைகளை விடுங்கள், விளக்கை மாற்றவேண்டாம். சோதனை அளவுகள் இப்படியே பத்து நாள் நின்றால் முதல் பவளத்தை வைக்கலாம்.

விற்கிறவரிடம் அது எங்கே வளர்ந்தது என்று கேளுங்கள். தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டு என்றால் நல்லது. காளான் பவளத்தை மூலையில் கீழே வையுங்கள். நடுவில் விழும் ஒளியில் ஏறக்குறைய பாதிதான் மூலைக்கு வரும், அதற்கு அது பிடிக்கும். ஜோவாவை நடுவில், பாதி உயரத்தில் வையுங்கள். காம்பு நீண்டால் வெளிச்சம் போதவில்லை. மூடிக்கொண்டு வெளிறினால் அதிகம். உங்களுக்கு மீட்டர் அதுதான்.

ஜோவாவைக் கையாளும்போது கையுறையும் கண்களைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். அந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவோ தேய்த்துக் கழுவவோ கூடாது. ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் நடந்திருக்கின்றன.

நெய்தல் (திருவான்மியூர்) – 20 ஏப்ரல், இரவு 11:40

உதவி வேண்டும். மதுரையில் ஒரு திருமணத்துக்குப் போய் மூன்று நாள் கழித்து இன்று மாலை திரும்பினேன். விசிறி ஓடிக்கொண்டே இருந்ததில் நீர்மட்டம் கோட்டுக்கு வெகுவாகக் கீழே போயிருந்தது. பதறிப்போய் 2.2 லிட்டர் தூயநீரை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டேன். இப்போது ஜோவா ஒன்பது பாலிப்பும் மூடிக்கிடக்கின்றன. ஒரு நத்தை மல்லாந்து விழுந்துவிட்டது. காளான் சுருங்கிவிட்டது.

உப்பளம் (தூத்துக்குடி) – 20 ஏப்ரல், இரவு 11:55

அம்மா, பதறவேண்டாம். நத்தையை நிமிர்த்திவிடுங்கள், தானாகத் திரும்ப அதற்கு முடியாமல் போகலாம். இனி எதையும் ஊற்றவேண்டாம், எடுக்கவும் வேண்டாம். உப்பு 39-க்கு மூன்று நாளில் மெல்ல ஏறியதை அவை தாங்கியிருக்கும். ஒரு நிமிடத்தில் 35-க்கு இறங்கியதுதான் அதிர்ச்சி. இப்போது நீர் சரியான அளவில்தான் இருக்கிறது, அப்படியே விடுங்கள். இரண்டு நாளைக்கு விளக்கைப் பாதியாகக் குறைத்து நான்கு மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். மூடிய பாலிப்புக்கு வெளிச்சம் அவ்வளவாகப் பயன்படாது.

இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் அரை லிட்டராக, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். ஊருக்குப் போவதற்கு முன் மிதவை வைத்துத் தானே நீர்விடும் சிறு கருவி ஒன்று வாங்கிவிடுங்கள். விளக்குக்குச் செலவழித்ததில் பாதிகூட ஆகாது. விளக்கைப் பற்றி இவ்வளவு பக்கம் பேசிய நாம் முதல் நாளே இதைச் சொல்லியிருக்கவேண்டும். அந்தக் குறை என்னுடையது.

பண்ணைத்துறை (யாழ்ப்பாணம்) – 21 ஏப்ரல், காலை 5:50

மனம் தளரவேண்டாம். உப்பின் அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 என்று குறித்த திட்டக்கரைசலால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். தூயநீரில் பூச்சியம் காட்டிவிட்டு 35-இல் இரண்டு பிசகும் கருவியை நானே வைத்திருந்தேன்.

நெய்தல் (திருவான்மியூர்) – 17 மே, இரவு 9:20

நத்தை பிழைக்கவில்லை. மற்றவை நான்காம் நாள் திறந்தன. மிதவைக் கருவி வைத்துவிட்டேன். ஐந்து லிட்டர் கேனிலிருந்து நாளுக்கு 700 மில்லி இழுக்கிறது, கத்திரி தொடங்கியதும் அது 900 ஆயிற்று. கருவி சரியாகத்தான் வேலை செய்கிறதா என்று கோட்டையும் தினமும் பார்க்கிறேன். விளக்கு மாலை 4 முதல் 12 வரை. நீலம் 55, வெள்ளை 10. நேற்று கூடத்தில் 34 பாகை, தொட்டியில் 29. வாரம் மூன்று லிட்டர் நீர் மாற்றுகிறேன்.

கொங்குக்கடல் தம்பி, நிறம் மெல்ல வருகிறது. விளிம்பில் மட்டும் ஆரஞ்சு. வெயில் தணிந்ததும் இன்னும் கொஞ்சம் கூட்டுகிறேன். இன்று எண்ணிப் பார்த்தேன். ஒன்பது இருந்த இடத்தில் பதினொன்று இருக்கின்றன. புதிய இரண்டும் கடுகளவுதான், ஆனால் திறந்திருக்கின்றன.

ஒரு மீன் விடலாமா?

உப்பளம் (தூத்துக்குடி) – 17 மே, இரவு 10:10

கத்திரி முடியட்டும் அம்மா. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. மின்சாரம் ஒரு மணி நேரம் போனால் மீன்தான் முதலில் திணறும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு ஜூலையில் பேசுவோம். கோமாளி மீனுக்கு 20 லிட்டர் போதாது. விரல்நுனி அளவுள்ள கோபி என்னும் சிறு மீன் ஒன்று போதும். பின்னாளில் பெரிய தொட்டி வைத்தால், கோமாளி மீனைக் கடலில் பிடித்தது வேண்டாம் என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சி நிலையங்கள் அதைப் பொரிப்பகத்திலேயே குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கின்றன.

அந்தப் புதிய இரண்டின் படத்தைப் போடுங்கள். வெள்ளையை மட்டும் எரியவிட்டு எடுங்கள், நீலத்தில் ஒன்றும் தெரியாது.